முகத்து முடிக்கு லேசர் பேக்கேஜ் எடுக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் படியுங்கள்

மோவாயிலும் கழுத்திலும் முடி, த்ரெட்டிங் போய்ப் போய் அலுத்துவிட்டது, லேசர் செய்துகொள்ளலாமா என்று யோசிக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். கோவையில் ஒரு ஸ்கின் கிளினிக்கில் அறுபதாயிரத்துச் சொச்சம் கட்டி, கழுத்தில் கருந்திட்டும் முன்பு இல்லாத இடத்தில் புது முடியும் வாங்கிக்கொண்டு வந்தவள் நான். கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் புகார் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, இதே வசனத்தைப் பேசும் இடங்கள் ஊருக்கு நாலு இருக்கின்றன.

உள்ளே போனதும் என்னை உட்காரவைத்துப் பேசியது டாக்டர் இல்லை. ‘கவுன்சிலர்’ என்று கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண். என் மோவாயைப் படமெடுத்துப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். அவ்வளவு பெரிதாக்கினால் யார் முகத்திலும் முடி தெரியத்தான் செய்யும். “வீட்டுல மாப்பிள்ளை பார்க்குறாங்களா மேம்?” என்று கேட்டார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, முடி எப்போதிலிருந்து வளர்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், முகத்துக்கு என்ன க்ரீம் பூசுகிறேன் என்று ஒன்றையும் கேட்கவில்லை. எட்டு செஷனில் பர்மனன்ட்டாகப் போய்விடுமாம். இன்றே எடுத்தால் பாதி விலை, நாளைக்கு ஆஃபர் கிடையாதாம்.

பான் கார்டு, ஆதார், போனுக்கு வந்த ஓடிபி. காபி ஆறுவதற்குள் என் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் ஏறிவிட்டது. வட்டியில்லாத் தவணை என்று இனிப்பாகச் சொல்லும் இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கிளினிக்குக்குப் பணம் முதலிலேயே போய்ச் சேர்ந்துவிடும். நாம் மாதாமாதம் கட்டுவது கடன் கொடுத்த நிறுவனத்துக்கு. சிகிச்சை பாதியில் நின்றாலும் தவணை நிற்காது. நிறுத்தினால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும். கிளினிக்காரர்களின் தைரியம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

இப்போது மெஷின் விஷயம். லேசர் என்றுதான் கடைசிவரை சொன்னார்கள். புகாருக்காக ஒப்புதல் படிவத்தின் நகலை வாங்கியபோதுதான் பொடி எழுத்தில் ‘ஐபிஎல்’ என்று இருந்தது தெரிந்தது. இரண்டும் ஒன்றில்லை. லேசர் என்பது ஒற்றை அலைநீளமுள்ள ஒளி. ஐபிஎல் பல அலைநீளங்கள் கலந்த பளிச்சொளி. முடியிலுள்ள மெலனின் என்ற நிறமி ஒளியை உறிஞ்சி, அந்தச் சூட்டில் வேர் சிதைய வேண்டும் என்பதுதான் இரண்டிலும் கணக்கு. ஆனால் நம் மாநிறத் தோலிலும் அதே மெலனின் நிறைய இருக்கிறது. ஒளியை மேல்தோலே உறிஞ்சிக்கொண்டால் முடி பிழைத்துக்கொள்ளும், தோல் வெந்துபோகும். அதனால்தான் கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசரைப் பாதுகாப்பானது என்கிறார்கள். அது ஆழமாக இறங்கும், மேல்தோலில் குறைவாகவே உறிஞ்சப்படும். 810 நானோமீட்டர் அளவிலுள்ள டயோடு லேசரையும் நல்ல குளிரூட்டலோடு நம் ஊரில் பயன்படுத்துகிறார்கள். எந்த மெஷின், என்ன அலைநீளம் என்று கேளுங்கள். “லேட்டஸ்ட் யு.எஸ். டெக்னாலஜி மேம்” என்று பதில் வந்தால் செருப்பைத் தேடுங்கள், போட்டுக்கொண்டு கிளம்புவதற்கு.

அந்த அமெரிக்காவிலேயே, மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அவர்களுடைய எஃப்டிஏ அமைப்பு லேசருக்கு அனுமதித்திருப்பது ‘நிரந்தரக் குறைப்பு’, அதாவது முடியின் எண்ணிக்கையை நீண்ட காலத்துக்குக் குறைக்கும் என்று சொல்லிக்கொள்ள மட்டும்தான். ஒரேயடியாக நீக்கும் என்று சொல்லும் தகுதி எலக்ட்ராலிசிஸுக்குத்தான் உண்டு. அது ஒவ்வொரு வேராக ஊசி விட்டுச் செய்வது, நேரம் பிடிக்கும். நரைத்த முடிக்கும் அதுதான் வழி, ஏனென்றால் நரைமுடியில் லேசர் பிடிப்பதற்கு மெலனின் இல்லை.

டெஸ்ட் பேட்ச் என்று ஒன்று உண்டு. ஓரமாக ஓர் இடத்தில் அடித்துப் பார்த்து, தோல் தாங்குகிறதா என்று சில நாள் கவனித்த பிறகே முழுதாகச் செய்ய வேண்டும். எனக்கு அது நடக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெண் வந்து அடித்தார். அவர்களிலேயே ஒருத்தி, செஷனுக்கு இடையில் அங்கேயே த்ரெட்டிங் பண்ணிக்கொள்ளச் சொல்லி அதற்கும் பில் போட்டாள். வேரைப் பிடுங்கிவிட்டால் லேசர் எதைப் பிடிக்கும்? த்ரெட்டிங், வாக்ஸிங், பிளக்கிங் மூன்றையும் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். ஷேவ் செய்யலாம். ஷேவ் செய்தால் தடிமனாக முளைக்கும் என்று அம்மாக்கள் சொல்வதில் உண்மை இல்லை; வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஒரு தடவை பவரைக் கூட்டினார்கள். ரப்பர் பேண்ட் சுண்டின மாதிரிதான் இருக்கும் என்று எல்லாரும் சொல்லும் அந்த வலி இல்லை இது. எரிச்சலில் எழுந்தே விட்டேன். மறுநாள் கழுத்தில் மெஷினின் முனை பதிந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாகச் சிவந்திருந்தது, பிறகு கறுத்தது. போன் செய்தால், “நார்மல்தான் மேம், ஆலோவேரா ஜெல் தடவுங்க.” டாக்டரைப் பார்க்கவேண்டும் என்றேன். “சார் விசிட்டிங்தான் மேம், வீடியோ கால்ல பேச வைக்கிறோம்.” அந்த கால் வரவே இல்லை.

திட்டு மங்குவதற்குள் அடுத்தது. அடித்த இடத்தின் ஓரங்களில், முன்பு பூனைமுடி மட்டும் இருந்த கழுத்துப் பக்கத்தில், கருகருவென்று முடி தடித்து வளர ஆரம்பித்தது. நேரில் போய்க் காட்டினேன். கவுன்சிலர் கொஞ்சமும் அசரவில்லை. “உங்களுக்கு ஹார்மோன் ப்ராப்ளம் இருக்கு மேம், இன்னொரு பேக்கேஜ் சேர்த்துக்கலாம்.” விற்கும்போது ஒரு வார்த்தை கேட்காத ஹார்மோன், பழி போடும்போது மட்டும் எங்கிருந்தோ வந்துவிட்டது.

அப்புறம் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா என் கழுத்தைப் பார்ப்பதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, “பீரியட்ஸ் ரெகுலரா வருதாம்மா?” லேசரோ ஐபிஎல்லோ பட்ட இடத்தில் முடி அதிகமாவது மருத்துவத்தில் தெரிந்த பக்கவிளைவுதான் என்றார். பெண்களுக்கு முகத்திலும் கழுத்திலும்தான் அது பெரும்பாலும் வருமாம். கறுத்த தோலும் ஹார்மோன் கோளாறும் இருந்தால் வாய்ப்பு கூடுதலாம். வேரை அழிக்கப் போதாத சூடு அதைத் தூண்டிவிடுகிறது என்று கருதுகிறார்கள். பூனைமுடிமீது அடிக்கவே கூடாது என்றும் சொன்னார். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும்.

டெஸ்டோஸ்டிரோன், டிஹெச்ஈஏஎஸ், தைராய்டு, புரோலாக்டின் என்று ஹார்மோன்களுக்கான ரத்தப் பரிசோதனைகள், வயிற்று ஸ்கேன் எல்லாம் எழுதிக் கொடுத்தார். வந்தது பிசிஓஎஸ், நம் ஊரில் நீர்க்கட்டி என்கிறோமே அதுதான். உள்ளே ஹார்மோன் அப்படியே இருக்க வெளியே மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் புதுப்புது வேர் முழித்துக்கொண்டே இருக்கும். மாத்திரை ஆரம்பித்தாலும் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இதற்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் போன்றவற்றைக் கர்ப்பமாகும் வாய்ப்புள்ளவர்கள் தகுந்த கருத்தடை இல்லாமல் சாப்பிடக்கூடாது, அதனால் தோழிக்குக் கொடுத்த சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்காதீர்கள். சிவப்பழகுக்கென்று மெடிக்கலில் சும்மா கொடுக்கும் ஸ்டீராய்டு க்ரீம்களைத் தொடர்ந்து பூசினாலும் முகத்தில் முடி வரும். சில மாதங்களுக்குள் திடீரென்று முடி பெருகி, குரலும் கட்டைக்குரலாக மாறினால் பார்லர், கிளினிக் எதுவும் வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள். அபூர்வமாக அது சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ உள்ள கட்டியாக இருக்கலாம்.

பணத்தைக் கேட்டபோது ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள்: ‘பணம் திருப்பித் தரப்படாது’. வேண்டுமானால் மீதிப் பணத்துக்கு ஃபேஷியல் பண்ணிக்கொள்ளலாமாம். வெந்த கழுத்துக்கு ஃபேஷியல்! அப்படி அச்சடித்து வைத்துவிட்டதாலேயே நம் உரிமை போய்விடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை எதிர்த்துக் கேட்க இடம் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். அதற்கு மசியாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, இணையத்திலேயே மனு போடலாம். பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். கடன் வாங்கி ஓரிரு நாள்தான் ஆகிறது என்பவர்கள் இன்றே கடன் நிறுவனத்துக்கு எழுதுங்கள். டிஜிட்டல் கடன்களில் அசலையும் அந்தச் சில நாளுக்கான வட்டியையும் மட்டும் கட்டி அபராதமில்லாமல் வெளியேற ஒரு அவகாசம் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதித்திருக்கிறது. எத்தனை நாள் என்பது கடன் பத்திரத்திலேயே இருக்கும்.

ஏற்கெனவே எங்காவது மாட்டிக்கொண்டு இருப்பவர்கள், சண்டை போடப் போவதற்கு முன்னால் ரசீது, ஒப்புதல் படிவம், வாட்ஸ்ஆப் பேச்சு, செஷன் தேதிகள், மெஷினின் பெயர்ப்பலகை எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தோலில் திட்டு வந்தால் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, அந்த வாரமே ஒரு தோல் டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். நான் புகார் கொடுப்பேன் என்று சொன்ன மறுநாள், அவர்களுடைய ஆப்பில் என் பழைய அப்பாயின்ட்மென்ட் ஒன்றுகூட இல்லை. போனிலிருந்த ஸ்கிரீன்ஷாட்டுகள்தான் இப்போது ஆணையத்தில் என் சாட்சி.