பெரிய கடையா, சின்னக் கடையா, கோ-ஆப்டெக்ஸா?

என் அக்கா மகள் பிளஸ் டூ முடித்ததும் சேலத்தில் இரண்டு துணிக்கடைகளில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஒன்று பல மாடி ஜவுளிக்கடை; இன்னொன்று சின்னக்கடை வீதியில் நான்கு பேர் வேலை பார்க்கும் கடை. எதில் சேரலாம் என்று என்னிடம் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் பெரிய கடையில் சேர்ந்தாள். இரண்டு வருடம் பார்த்த பிறகு இப்போது சொல்கிறேன்.

சம்பளம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் பிடித்தத்தில் இருக்கிறது. பெரிய கடையில் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் அவள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். வருங்காலச் சேமிப்பான பி.எஃப். தனி. பத்துப் பேருக்குக் குறைவான கடைக்கு இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை, இருபது பேருக்குக் குறைவென்றால் பி.எஃப்.பும் இல்லை. அக்காவின் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை மகளின் இ.எஸ்.ஐ. அட்டையில்தான் நடந்தது. சின்னக் கடை முதலாளி தங்கமான மனிதர், அவசரத்துக்குக் கேட்டால் கொடுப்பார். ஆனாலும் அவரால் அந்தச் செலவைத் தாங்கியிருக்க முடியாது.

பெரிய கடை சறுக்கியது நாற்காலியில். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டம் திருத்தப்பட்டது. அவள் பிரிவில் ஆறு பெண்களுக்கு ஒரே ஒரு ஸ்டூல். அதன்மேலும் சேலைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். முதல் ஆடித் தள்ளுபடி முடிந்து வீட்டுக்கு வந்தவள் கொலுசைக் கழற்ற முடியாமல் அழுதாள். கணுக்கால் அவ்வளவு வீங்கியிருந்தது. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு அந்தக் கடை பந்தல் போட்டு ஊருக்கெல்லாம் நீர்மோர் கொடுத்த அதே வாரம் அது. அந்தப் பந்தலை நான் குறை சொல்லவில்லை. ஸ்டூல் அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

ஊருக்கு யார் அதிகம் செய்கிறார்கள் என்று பார்த்தால் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸையும் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனி முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், உள்ளூருக்கு முன்னுரிமை தர வேண்டும். கம்பெனியாக இல்லாமல் பார்ட்னர்ஷிப்பாக நடக்கும் ஜவுளிக்கடைக்கு இது பொருந்தாது. அங்கே எல்லாம் முதலாளி விருப்பம்தான். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸின் வேலையே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணியை வாங்கி விற்பது. மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஏறிய வீட்டுக்கு ஒரு முதலாளி ஐந்து கிலோ அரிசி கொடுத்தால் ஒரு வாரம் ஓடும். அந்தத் தறியின் சேலைக்கு மாதாமாதம் ஆள் இருந்தால் பிள்ளைகளின் படிப்பு நிற்காது. தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. சேலம் வெண்பட்டை நான் அங்கேதான் எடுக்கிறேன்.

ஆனால் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு வேலை தருவது பெரிய கடைதான். அதனால் வேலை தேடும் பெண்ணைப் பெரிய கடைக்கே அனுப்புவேன். சேரும் முன் இ.எஸ்.ஐ. எண் எப்போது கிடைக்கும், எத்தனை பேருக்கு எத்தனை ஸ்டூல் என்று கேட்கச் சொல்லி அனுப்புவேன். போன மாதம் அக்கா மகளும் அவள் பிரிவுப் பெண்களும் மேலாளரிடம் சேர்ந்து போய்க் கேட்டார்கள். இப்போது மூன்று ஸ்டூல் இருக்கின்றன.