சீட்டு எங்கே என்று கேட்ட மெடிக்கல்

தாராவியில் 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது இந்தச் சின்ன மெடிக்கல். நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆளுக்குச் சாக்கடை மூடிதான் இடம். தள்ளுபடி இல்லை, கடன் இல்லை. மத்தியானம் 2 மணிக்கு ஷட்டரை இறக்கினால் 5 மணிக்குத்தான் தூக்குவார்கள். இருந்தாலும் எங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், யாருக்குத் தோலில் எது வந்தாலும் நான் அங்கேதான் அனுப்புகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு இட்லி வியாபாரம். விடிகாலை 4 மணிக்கு அடுப்பு முன்னால் உட்கார்ந்தால், 6 மணிக்குத் தலையில் பாத்திரத்தோடு கிளம்பிவிடுவார். நனைந்த பனியன், இறுக்கின பெல்ட், மேலே மழை. போன மழைக்காலத்தில் இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை வந்துவிட்டது. வேறொரு கடையில் அரிப்புக்கு மருந்து கேட்டார், ஒரு டியூப் கொடுத்தார்கள். மூன்றே நாளில் அரிப்பு போய்விட்டது. எங்களுக்கு அந்த டியூப் தெய்வமாகத் தெரிந்தது. நிறுத்தியதும் திரும்ப வந்தது, இந்தத் தடவை தொடை வரைக்கும். மறுபடி பூசினார். நாலு மாதம், ஏழு டியூப். கடைசியில் தொடை இடுக்கில் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, சிவப்புச் சிவப்பாக வரி விழுந்தது. பிள்ளை பெற்ற வயிற்றில் விழுமே, அதே வரி.

எட்டாவது டியூப் வாங்கப் போன அன்று அந்தக் கடை பூட்டியிருந்தது. அதனால்தான் இங்கே வந்தேன். கல்லாவில் இருந்த அண்ணாச்சி காலி டியூப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டாக்டர் சீட்டு எங்கே தங்கச்சி?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அரிப்பு மருந்துக்குக்கூடவா சீட்டு? அவர் கோபப்படவில்லை. வேறொரு மருந்து அட்டையை எடுத்து ஓரத்துச் சிவப்புக் கோட்டைக் காட்டினார், சீட்டு வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளமாம். தோலில் பூசுகிற ஸ்டீராய்டுகளை 2018-இலேயே சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டார்களாம். அப்புறம் எங்கள் டியூப்பில் இருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தார். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசால். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளில் மிக வீரியமானது அதுதானாம். பெரியவர்களே டாக்டர் சொல்லாமல் 2 வாரத்துக்கு மேல் பூசக் கூடாது. தொடை இடுக்கு, அக்குள், முகம் மாதிரி மெல்லிய தோலில் அது இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும் என்றார். "இது உடம்போட எதிர்ப்பை அமுக்கிடும்மா. சிவப்பும் அரிப்பும் அடங்கிடும். பூஞ்சை மட்டும் உள்ளுக்குள்ள வளரும்." நாலு மாதமாக எங்களுக்கு யாரும் சொல்லாததை நாலு நிமிடத்தில் சொன்னார்.

விற்பனை ஒரு ரூபாய்கூட இல்லை. சயான் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். அங்கே தோலைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்துப் பூஞ்சை என்று உறுதி செய்தார்கள். மாத்திரையும், ஸ்டீராய்டு இல்லாத ஒரு கிரீமும் எழுதினார்கள். இரண்டு மாதம் ஆனது. வட்டம் மறைந்த பிறகும் 2 வாரம் பூசச் சொன்னார்கள், பூசினார். துண்டு, உள்ளாடை எல்லாம் தனியாக வெந்நீரில். படர்தாமரை போய்விட்டது. அந்த வரிகள் மட்டும் இன்னும் இருக்கின்றன. நிறம் மங்கலாம், முழுக்கப் போகாது என்றுதான் டாக்டர் சொன்னார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அதற்காக ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. அதையும் இந்தக் கடையில்தான் கற்றுக்கொண்டேன். எட்டு வயது மகனுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் (எக்ஸிமா). டாக்டர் ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் எழுதியிருந்தார், வீரியம் குறைந்த வகை. நான் பயந்துபோய் வாங்காமலே திரும்பப் பார்த்தேன். அண்ணாச்சி என்னை நிறுத்தி என் ஆள்காட்டி விரலை நீட்டச் சொன்னார். நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் கிட்டத்தட்ட அரை கிராம்; விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். "உன் விரல், உன் உள்ளங்கை. பையனோடது இல்ல" என்று இரண்டு தடவை சொன்னார். ஈரப்பதக் கிரீமையும் இதையும் சேர்த்துக் குழைக்காமல், நடுவில் அரை மணி நேரம் விடச் சொன்னார். இமைப் பக்கம் கொண்டுபோகாதே, பூசினதும் கையைக் கழுவு என்றார். டாக்டர் சொன்ன ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது.

குறையும் உண்டு. சாயந்திரம் 7 மணிக்கு மேல் கல்லாவில் இருக்கும் தம்பி சீட்டுக் கேட்பான், ஆனால் இப்படி விளக்க மாட்டான். கூட்ட நேரத்தில் அண்ணாச்சியே முகம் கொடுத்துப் பேச மாட்டார். காலையில் 11 மணி வாக்கில் போங்கள். போகும்போது இதுவரை பூசின டியூப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். அட்டையைத் தூக்கிப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, டியூப் மேலேயே மருந்தின் பெயர் இருக்கும்.