நெருப்பு வந்தால் எந்தக் கதவு நிற்கும்? ஏழு துண்டுகளைச் சுட்டுப் பார்த்த பிறகு

திருச்சியில் நாங்கள் கட்டிவரும் வீட்டுக்கு ஒன்பது கதவுகள் வேண்டியிருந்தன. இரண்டு மாதங்களாக மரக்கடைகளுக்கும் கதவுக் கடைகளுக்கும் நடந்தபோது, கரையான் அரிக்குமா, மழைக்காலத்தில் இறுகுமா, பாலிஷ் நிற்குமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விற்பவர்கள் விரிவாகவே பதில் சொன்னார்கள். தீப்பிடித்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டபோதுதான் எல்லோரும் தயங்கினார்கள். எங்களுக்கு அந்தக் கேள்வி முக்கியமானது. மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் பேட்டரியும் மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போடும் இணைப்பும் வருகின்றன. அதற்கு நேர் எதிரே, முழங்கால் வலியால் மெதுவாக நடக்கும் என் தாயார் உறங்கப்போகும் அறையின் கதவு இருக்கிறது.

ஆகவே கடைகளிலும் எங்கள் தச்சரிடமும் மாதிரித் துண்டுகளைக் கேட்டு வாங்கினோம். தேக்கு ஒன்று, ஃபிளஷ் கதவு (மரச் சிம்புகளின் இருபுறமும் பிளைவுட் ஒட்டிய தட்டையான கதவு) இரண்டு, இரும்பு, பிவிசி, டபிள்யூபிசி (மரத்தூள் கலந்த பிளாஸ்டிக்), கண்ணாடி இழைத் தோல் போர்த்த ஃபைபர் கதவு என ஏழு துண்டுகள் சேர்ந்தன. பக்கத்துக் காலி மனையில் செங்கல் அடுக்கி அவற்றை நிறுத்தி, ஏசி பழுதுபார்ப்பவர்கள் செப்புக் குழாயைப் பற்றவைக்கும் கேஸ் டார்ச்சால், ஒரே தூரத்தில் வைத்து ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் சுடுவது என்று வைத்துக்கொண்டோம். துண்டுகளின் பின்புறத்தில் செய்தித்தாள் ஒட்டியிருந்தோம். இது ஆய்வுக்கூடச் சோதனைக்கு ஈடாகாது. முறையான சோதனையில் கதவை நிலை, கீல், பூட்டு ஆகியவற்றோடு உலையின் வாயில் பொருத்துவார்கள். உலையின் வெப்பம் 5 நிமிடத்தில் சுமார் 575 டிகிரி செல்சியஸையும், 30 நிமிடத்தில் சுமார் 840 டிகிரியையும், ஒரு மணி நேரத்தில் 945 டிகிரியையும் எட்டும். ஆனாலும் ஒரே நெருப்பின் முன் ஒவ்வொரு பொருளும் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

முதலில் இரும்பைச் சுட்டோம். "இது எரியவே எரியாது சார்" என்று சொல்லித்தான் அதைக் கொடுத்திருந்தார்கள். எரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு நிமிடம் முடிவதற்குள் பின்புறத் தாள் பழுப்பேறி, அடுத்து கருகி உதிர்ந்தது. இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே தேன்கூடு போல மடித்த அட்டையைத்தான் வைத்திருந்தார்கள். அது உள்ளேயே புகைந்து கரியானது. இரும்பு உருகுவதற்கு 1,500 டிகிரி வேண்டும் என்று எண்ணி நிம்மதி அடைவதில் பொருளில்லை. 550, 600 டிகிரியிலேயே அதன் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் சூடேறும்போது தகடு வளைந்து, நிலைக்கும் கதவுக்கும் இடையே மூலையில் வாய் திறக்கிறது. தீத்தடுப்புக் கதவு என்று தனியாகச் செய்யப்படும் இரும்புக் கதவு முற்றிலும் வேறு பொருள். அதன் உள்ளே கனிமக் கம்பளி போன்ற வெப்பம் கடத்தாத அடைப்பு இருக்கும். நிலையும் அதனோடு சேர்த்தே சோதிக்கப்பட்டிருக்கும். சாதாரண இரும்புக் கதவு திருடனைத் தடுக்கும்; அதைத் தீக்கும் தடுப்பு என்று சொல்லி விற்பது தவறு.

தேக்கு எனக்குப் புதிய பாடம் சொன்னது. 35 மில்லிமீட்டர் தடிமனுள்ள நாட்டுத் தேக்குத் துண்டு உடனே தீப்பற்றியது. எண்ணெய் கசிந்து, நெருப்பு மேலெழுந்தது. மூன்றாவது நிமிடத்தில் பலகையின் முகம் முழுவதும் முதலைத் தோல் போல வெடித்த கரியாக மாறியதும், எரிதலின் வேகம் குறைந்துவிட்டது. அந்தக் கரியே உள்மரத்துக்குப் போர்வையாகிறது. பத்து நிமிடம் கழித்துப் பின்புறத்தில் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்புகூட இல்லை, தாள் வெள்ளையாகவே இருந்தது. இரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய 8 மில்லிமீட்டருக்குக் கரி, அதற்கடுத்து பழுப்பாக ஒரு மெல்லிய கோடு, அதன் பிறகு புதிதாகச் சீவியது போன்ற பொன்னிற மரம். அடர்த்தியான மரம் நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் அளவில் கரியாகும் என்பது கட்டுமானப் பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்கு. டார்ச்சின் நெருப்பு ஒரே இடத்தில் பாய்ந்ததால் எங்களுக்குச் சற்றுக் கூடுதலாக வந்தது. எரியாத இரும்பைவிட எரியும் மரம் பின்னால் இருப்பவரை நன்றாகக் காத்தது. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. நம் தலைவாசல் கதவுகளில் சட்டம் தடிமனாக இருந்தாலும், நடுவே செருகும் பலகையை மெலிதாகச் சீவி, அதிலும் மயிலும் மாவிலையும் செதுக்கிவிடுகிறார்கள். செதுக்கிய பள்ளத்தில் மரம் 12 மில்லிமீட்டர்தான் எஞ்சும் என்றால், கதவின் உண்மையான தடிமன் அதுதான்.

ஃபிளஷ் கதவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று பெரும்பாலான படுக்கையறைகளில் நிற்பது அதுவே. இரண்டு துண்டுகளும் 32 மில்லிமீட்டர் தடிமன், வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தன. முதல் துண்டு தேக்கைப் போலவே மெதுவாகக் கரிந்து பத்து நிமிடமும் நின்றது. இரண்டாவதில் மேல் பிளைவுட் தாள் தாளாகப் பிரிந்து சுருண்டது. நான்காவது நிமிடத்தில் பின்புறத்தில் ஒரு நேர்க்கோடாகப் புகை வந்தது. அடுத்த நிமிடத்தில் அந்தக் கோட்டின் வழியே தீ நாக்கு நீட்டியது. அறுத்துப் பார்த்தால், உள்ளே அடுக்கிய மரச் சிம்புகளுக்கு இடையே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளிகள் இருந்தன. ‘சாலிட்’, அதாவது உள்ளே வெற்றிடமின்றி மரம் நிரப்பியது, என்று பில்லில் எழுதித்தான் அந்தக் கடை அதைத் தந்தது. கடையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை; ஆனால் இதே கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை உறங்கக்கூடும் என்று நினைத்தபோது எனக்குக் கோபம் வந்தது. வாங்குபவர்கள் ஃபிளஷ் கதவுகளுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 2202 முத்திரையைப் பார்ப்பதோடு நிற்காமல், கதவைக் கிடத்தி முழுப் பரப்பிலும் விரல் முட்டியால் தட்டிக் கேட்க வேண்டும். ஓசை ஓரிடத்தில் டொக்கென்றும் இன்னோரிடத்தில் டம்மென்றும் வந்தால் அதை வாங்க வேண்டாம். எடையும் பொய் சொல்லாது.

பிவிசி கதவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 80 டிகிரியை ஒட்டியே இளகிவிடும் பொருள் அது. டார்ச் பட்ட சில நொடிகளில் மடிந்து தொங்கியது. நெருப்பை எடுத்ததும் தானாக அணைந்தது உண்மைதான், ஆனால் அதற்குள் கிளம்பிய கரும்புகை தொண்டையைப் பிடித்தது. பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும்; ஈரமான கண்ணிலும் மூச்சுக்குழாயிலும் அது அமிலமாகிறது. குளியலறைக்கு மட்டும் பயன்படுத்தலாம், தப்பிச் செல்லும் வழியில் வேண்டாம். டபிள்யூபிசி மரத்தூள் கலந்தது என்பதால் நிமிர்ந்து நின்றது. ஆனாலும் பொருமிக் கருகி அதே புகையைத்தான் விட்டது. ஃபைபர் துண்டில் மேல்தோல் எரிந்து, கண்ணாடி இழை மட்டும் வலைத்துணி போலத் தொங்கியது.

கண்ணாடி இழைத் தோல் போர்த்த கதவுகள் எல்லாமே மோசமானவை என்று சொல்லவில்லை; ஆனால் சான்றிதழை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு லண்டன் கிரென்ஃபெல் கோபுரம் சாட்சி. 2017 ஜூன் 14 அன்று 72 பேரைப் பலிகொண்ட அந்த 24 மாடிக் குடியிருப்பிலிருந்து, தீயில் சேதமடையாத, இதே கண்ணாடி இழை வகையைச் சேர்ந்த ஒரு வீட்டு வாசல் கதவை எடுத்துக் காவல்துறை சோதித்தபோது, 30 நிமிடம் தாங்க வேண்டிய அது சுமார் 15 நிமிடமே தாங்கியது. பல வீடுகளில் கதவைத் தானாகச் சாத்தும் கருவியும் இல்லை அல்லது வேலை செய்யவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. சாத்தப்படாத கதவு எந்தப் பொருளில் செய்திருந்தாலும் ஒன்றுதான். இந்த இடத்தில் நம் வீடுகளைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். ஐப்பசி மழையில் இறுகும் என்று தச்சர்கள் கதவின் அடியை அரை அங்குலம் சீவிவிடுகிறார்கள். தீக்கு முன்பே புகை அந்த வழியாக உள்ளே வந்துவிடும். சமையலறைக்கோ இப்போது கதவே வைப்பதில்லை.

கடைசியில் நாங்கள் வாங்கியவற்றைச் சொல்லிவிடுகிறேன். தலைவாசலுக்குச் செதுக்கல் இல்லாத தேக்கு; உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் பூட்டு. படுக்கையறைகளுக்கு, சோதனையில் நின்ற அதே ஃபிளஷ் கதவு. குளியலறைக்கு டபிள்யூபிசி. தாயாரின் அறைக்கு மட்டும், தீத்தடுப்புக் கதவுகளுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 3614 படி ஒரு மணி நேரத்துக்குச் சோதிக்கப்பட்ட மரத் தீத்தடுப்புக் கதவை, நிலையோடு சேர்த்து வாங்கினோம். விலை ஃபிளஷ் கதவைப்போலப் பல மடங்கு, ஆனால் அந்த ஒரு வாசலுக்கு அது தகும். கனமானது என்பதால் தாயார் தள்ளிப் பார்த்த பிறகே தானாகச் சாத்தும் கருவியின் இறுக்கத்தைக் குறைத்தோம். மற்ற படுக்கையறை நிலைகளில், சூடேறினால் பொங்கி இடுக்கை அடைக்கும் 15 மில்லிமீட்டர் அகலப் பட்டையைப் பதிக்கச் சொல்லியிருக்கிறேன். அது உள்ளூர்க் கடைகளில் கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து வந்ததும் தச்சர் காடி எடுக்கத் தொடங்குவார்.