கோச்சிங் போர்டு: எங்கள் கல்லூரி கூடைப்பந்து அணியில் ஒரு சீசன் ஓடிய கதை

சென்னை பெரியமேட்டில், நேரு ஸ்டேடியத்தை ஒட்டி வரிசையாக விளையாட்டுச் சாமான் கடைகள் இருக்கும். அங்கே ஒரு கடையில் வாங்கிய, யார் எங்கே நிற்க வேண்டும் என்று வைத்துக் காட்டும் மடக்கும் காந்த போர்டைப் பற்றித்தான் இந்த விமர்சனம். நான் ஒரு மகளிர் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். மண்டலப் போட்டிக்குப் போன இடத்தில் எங்கள் பெண்கள் டைம் அவுட்டில் (அணி கேட்டு எடுக்கும் சிறு இடைவேளை) இந்த போர்டைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதைப் பார்த்துவிட்டு, "எங்கே மேடம் வாங்கினீங்க, நல்லா இருக்கா?" என்று வேறு கல்லூரி பி.டி.கள் (உடற்கல்வி இயக்குநர்கள்) கேட்டார்கள். பதில் கொஞ்சம் நீளம் என்பதால் எழுதிவிடுகிறேன்.

மேலே கறுப்பு ரெக்சின் உறை, சுற்றிலும் ஜிப். திறந்தால் ஒரு பக்கம் முழு கோர்ட், மறுபக்கம் பாதி கோர்ட். சிவப்பில் ஐந்து, நீலத்தில் ஐந்து என எண் போட்ட காந்த வில்லைகள், பந்துக்கு ஒரு மஞ்சள் வில்லை. தாள் செருக ஒரு கிளிப், அழிப்பான் வைத்த மூடியோடு ஒரு பேனா. கம்பெனி பெயர் எங்கும் இல்லை. விலை ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கல்லூரி விளையாட்டு நிதியில் ரசீது வைத்து வாங்கும் அளவுதான்.

முதலில் பொருளின் தரம். போர்டு உறுதியானது. தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தும், பையில் ஷூக்களுக்கு அடியில் நசுங்கியும் ஒன்றும் ஆகவில்லை. வில்லைகள்தான் பலவீனம். பிளாஸ்டிக் மூடியும் காந்தமும் வெறும் பசையில் ஒட்டியிருப்பதால், சிமென்ட் கோர்ட்டில் கீழே விழுந்தால் இரண்டாகப் பிரிந்துவிடும். எங்கள் பெண்கள் ஃபெவிக்விக் வைத்து ஒட்டிக்கொண்டார்கள். கூடவே வந்த பேனா மோசம். வெயிலில் எழுதி அரை மணி நேரம் விட்டால் சாதாரணமாக அழியாது, ஈரத்துணி வேண்டும். நம் கல்லூரி கோர்ட்டுகள் பாதிக்கு மேல் திறந்தவெளிதானே, இது சின்னக் குறை இல்லை.

சரி, இனி முக்கியமான விஷயம். வழக்கமாக எந்த அணியிலும் போர்டு கோச் கையில் இருக்கும், பேனாவும் கோச் கையில்தான். ஐந்து பேர் வியர்வையோடு குனிந்து நிற்பார்கள், கோச் கோடு கோடாகப் போடுவார், எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்படிப் பயன்படுத்துவதாக இருந்தால் இந்த போர்டு தேவையே இல்லை, ஒரு சாக்பீஸும் தரையும் போதும். வில்லைகளைப் பெண்கள் கையில் கொடுத்தபோதுதான் இந்தப் பொருளின் மதிப்பு எனக்குத் தெரிந்தது.

எங்கள் அணியைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். பாதிப் பேர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவர்கள். அரசு விளையாட்டு விடுதிகளில் தங்கிப் பள்ளி நாளிலிருந்து ஆடியவர்களும் அதில் உண்டு. மீதிப் பேர் கல்லூரிக்கு வந்த பிறகு பந்தைத் தொட்டவர்கள். ஒரு கூட்டம் ஹாஸ்டல், ஒரு கூட்டம் தினமும் பஸ்ஸில் வருவது. மூன்றாம் ஆண்டு அக்காக்களிடம் முதலாம் ஆண்டுப் பெண் வாய் திறக்க மாட்டாள். அக்கா தவறான இடத்தில் நின்றாலும் அவளே சுற்றிக்கொண்டு ஓடுவாளே தவிர, "தள்ளி நில்லுங்க" என்று சொல்ல மாட்டாள்.

வில்லைகளில் 1 முதல் 5 வரை எண்தான் இருக்கிறது. 1 என்றால் பாயிண்ட் கார்டு, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்; 5 என்றால் சென்டர், கூடைக்கு அருகில் ஆடுபவர். எந்த ஆண்டு, எந்த ஊர் என்று வில்லையில் எழுதியிருக்காது. மாலைப் பயிற்சி முடிந்ததும் வில்லைகளைக் குலுக்கிப் போட்டு ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னேன். கையில் வந்த எண்ணின் வேலையை அவரவர் சொல்ல வேண்டும். எப்போதும் கூடைக்கு அடியில் நிற்கும் உயரமான பெண்ணுக்கு 1 வந்தால், பந்தை 8 வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது எப்படி என்று அவள் காட்ட வேண்டும். அப்போதுதான் கார்டு ஆடுபவளின் அவஸ்தை அவளுக்குப் புரிந்தது. "ஏன்டி லேட்டா பாஸ் போடுற" என்று கத்துவது அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்தது.

ஒரு மாலை நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு கார்டு ஒருத்தி, பேசவே மாட்டாள். சைடு லைன் த்ரோ-இன் (பக்கக் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே போடுவது) ஒன்றைப் போர்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேப்டன் தன் 4-ஆம் எண் வில்லையை எல்போ (ஃப்ரீ த்ரோ கோட்டின் முனை) பக்கம் வைத்தாள். இவள் கை நீட்டினாள், பின்னுக்கு இழுத்தாள், மறுபடி நீட்டினாள். ஆள்காட்டி விரலால் கேப்டனின் வில்லையை மெல்ல நகர்த்திக் கீழே பேஸ்லைன் (கூடைக்குப் பின்னால் உள்ள கோடு) ஓரம் வைத்துவிட்டு, "அக்கா, நீங்க இங்க நின்னு ஸ்க்ரீன் வச்சா நான் ஃப்ரீயா வருவேன்" என்றாள். ஸ்க்ரீன் என்றால் எதிரணிப் பெண்ணின் வழியை மறித்து நிற்பது. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. கேப்டன் வில்லையையே பார்த்துவிட்டு, "அப்போ என் மேன் உன்கிட்ட வந்தா?" என்று, தன்னைத் தடுக்கும் எதிரணிப் பெண்ணைப் பற்றிக் கேட்டாள். "வந்தா நீங்க திரும்பி உள்ள போங்க, பந்து உங்களுக்கு" என்று பதில் வந்தது. எழுந்து கோர்ட்டில் போய் அதையே ஆடிப் பார்த்தார்கள், சரியாக வந்தது. அந்தப் பெண் வாயால் அதைச் சொல்லியிருக்க மாட்டாள். வில்லையை நகர்த்துவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

போட்டியில் டைம் அவுட் என்பது ஒரு நிமிடம்தான், அதிலும் 50-ஆவது வினாடியில் மணி அடித்துவிடும். ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று கிடைக்கும். அதையும் நான்காவது, அதாவது கடைசிக் குவார்ட்டரின் (கால் பகுதி ஆட்டம்) இறுதி 2 நிமிடத்தில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது. இவ்வளவு குறைந்த நேரத்தில் கோச் ஒரு பக்கம், அக்காக்கள் ஒரு பக்கம் என்று எல்லோரும் பேசினால் யார் காதிலும் எதுவும் ஏறாது. எங்கள் ஏற்பாடு இது: உட்கார்ந்ததும் தண்ணீர், மூச்சு. அப்புறம் போர்டு கேப்டன் மடியில். என்ன நடக்கிறது என்று அவள் ஒரு வரி சொல்வாள், கோர்ட்டில் இருந்தவர்களில் யாராவது ஒருத்தி வில்லையை நகர்த்திக் காட்டுவாள். கடைசியாக நான் ஒரே ஒரு விஷயம் சொல்வேன். இறுதி 2 நிமிடத்தில் டைம் அவுட் எடுத்துவிட்டு, எதிரணிப் பகுதியிலிருந்தே பந்தை உள்ளே போடலாம் என்ற வசதி இருக்கிறது. ஆனால் அப்படிப் போட்டால் ஷூட் செய்ய அதிகபட்சம் 14 வினாடிதான் கிடைக்கும். எடுக்கலாமா வேண்டாமா என்பதை அந்தப் பெண்களிடமே கேட்கிறேன். கால்களில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்று அவர்களுக்குத்தானே தெரியும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2018 பிப்ரவரியில் அமெரிக்காவின் என்.பி.ஏ. தொழில்முறை லீக்கில் ஃபீனிக்ஸ் சன்ஸுடன் ஆடிய ஆட்டத்தில், அப்போதைய சாம்பியனான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கோச் ஸ்டீவ் கெர் டைம் அவுட்டுகளில் போர்டை ஆட்டக்காரர்களிடமே கொடுத்துவிட்டார். ஆண்ட்ரே இக்வடாலா, டிரேமண்ட் கிரீன், டேவிட் வெஸ்ட் ஆகியோர் மாறி மாறி அணியை நடத்தினார்கள். 129-83 என்று ஜெயித்தார்கள். கொஞ்ச காலமாகத் தன் பேச்சு அவர்களைச் சென்றடையவில்லை என்று கெர் வெளிப்படையாகவே சொன்னார். எதிரணியை அவமதிக்கிறார் என்று அப்போது சிலர் குறை சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாம்பியன் அணிக்கே அது தேவைப்பட்டிருக்கிறது என்றால், பத்தொன்பது வயதுப் பெண்களுக்கு எவ்வளவு தேவைப்படும்!

நான் எதிர்பார்க்காத இன்னொரு உபயோகம், அந்தக் கிளிப். அணியில் பன்னிரண்டு பேர், கோர்ட்டில் ஐந்து பேர். மீதி ஏழு பேர் பெஞ்சில் உட்கார்ந்து என்ன செய்வார்கள்? கை தட்டுவார்கள், அலுத்துப்போனால் பார்வையாளர் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். இப்போது கிளிப்பில் ஒரு தாள் செருகி, எதிரணியின் ஃபவுல் கணக்கை பெஞ்சில் இருப்பவர்களிடம் ஒப்படைத்திருக்கிறோம். ஐந்தாவது ஃபவுலில் ஆள் வெளியே. குவார்ட்டரில் அணியின் நான்கு ஃபவுல் தாண்டினால் அடுத்ததற்கெல்லாம் ஃப்ரீ த்ரோ. "அவங்க 9-ஆம் நம்பருக்கு நாலு ஃபவுல் ஆச்சு, அவமேலயே ட்ரைவ் பண்ணுங்க" (அவளை நோக்கியே பந்தோடு கூடைக்குப் பாயுங்கள்) என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்போது, அந்த ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூட இறங்காத பெண்ணுக்கும் அதில் பங்கு இருக்கிறது. அந்தத் தாளைப் பிடிக்க இப்போது போட்டியே நடக்கிறது.

அரசு உதவி பெறும் கல்லூரிகளில் வேலை செய்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: ஒரே பி.டி. கோ-கோ, வாலிபால், கூடைப்பந்து என எல்லா அணியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டு ஆட்டம் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் ஒரு இடத்தில்தான் இருக்க முடியும். கோச் இல்லாமல், உதவிக் கோச்சும் இல்லாவிட்டால் கேப்டனே கோச்சாக இருக்கலாம் என்று ஃபிபா விதியிலேயே இருக்கிறது. ஆட்டம் நின்று கடிகாரமும் நின்றிருக்கும்போது நடுவரிடம் மரியாதையாக விளக்கம் கேட்கும் உரிமையும் கேப்டனுக்கு உண்டு. கேப்டன் பதவியை அதிகப் புள்ளி எடுப்பவளுக்குக் கொடுக்கும் மரியாதையாக நினைப்பவர்கள் இந்த விதிகளைப் படிக்க வேண்டும். இந்த சீசனில் நான் கோ-கோ மைதானத்தில் மாட்டிக்கொண்ட நேரம் கேப்டன் போர்டை மடியில் வைத்துக்கொண்டு அணியை நடத்தினாள். நான் ஓடி வந்து சேர்ந்தபோது டைம் அவுட் நடந்துகொண்டிருந்தது. யாரும் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போர்டால் முடியாததும் இருக்கிறது. டிஃபென்ஸில் (தடுப்பாட்டத்தில்) வாய் திறக்க வைப்பது இதன் வேலை இல்லை. 2-3 ஸோன் (முன்னால் இருவர், பின்னால் மூவர் நின்று அவரவர் இடத்தைக் காப்பது) ஆடும்போது "லெஃப்ட்ல ஸ்க்ரீன்", "ஹெல்ப்", "பாக்ஸ் அவுட்" என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஓட்டை விழும். அதைக் கோர்ட்டில் ஆடித்தான் பழக வேண்டும். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழக அணியை 1961 முதல் 1997 வரை நடத்திய டீன் ஸ்மித் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கூடையில் போட்டவர், தனக்குப் பாஸ் கொடுத்தவரை நோக்கி விரல் காட்ட வேண்டும். நாங்களும் செய்கிறோம். ஆரம்பத்தில் வெட்கப்பட்டார்கள், இப்போது காட்ட மறந்தால் பெஞ்சிலிருந்து சத்தம் வருகிறது. அவரே வைத்திருந்த இன்னொரு வழக்கம்: களைத்துப்போனவர் முஷ்டியை உயர்த்தினால் வெளியே வரலாம், மூச்சு திரும்பியதும் அவரே சொல்லி உள்ளே போகலாம். இதையும் பின்பற்றுகிறோம். இடம் பறிபோகாது என்று தெரிந்ததால், சுளுக்கை மறைத்து ஆடும் பழக்கம் எங்கள் பெண்களிடம் குறைந்திருக்கிறது.

மொபைலில் இதற்கான ஆப்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து யோசிக்க நல்லவை. ஆனால் மதிய வெயிலில் திரை தெரியாது, வியர்வை விரலுக்கு நகராது, முக்கியமாக ஒரு நேரத்தில் ஒருத்திதான் தொட முடியும். இந்த போர்டில் நான்கு கைகள் ஒரே நேரத்தில் போகும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். குறைத்த ஒன்று வில்லைக்கும் பேனாவுக்கும். வாங்குகிறவர்கள் கடையிலேயே வில்லைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள், பசை விட்டிருந்தால் மாற்றித் தருவார்கள். உள்ளங்கை அகல சின்ன போர்டு வேண்டாம், ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்தால் தெரியாது. ஸ்டேஷனரி கடையில் நல்ல வொயிட்போர்டு மார்க்கர் இரண்டு தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று கேப்டன் பையில், ஒன்று பெஞ்சில்.