மறுமணத்துக்குத் தனிப் பிரிவாம், படிவத்தில் கட்டமே இல்லை!

அக்காவுக்காக ராமநாதபுரத்தில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் பதிந்தோம், பெயர் வேண்டாம். மண்டபம் பஸ் ஸ்டாப்பில் போஸ்டர் பார்த்துத்தான் போனது. அத்தான் வளைகுடாவுக்குப் போய் ஆறு வருஷம், கடைசி மூன்று வருஷமாகப் போனும் இல்லை, பணமும் இல்லை.

படிவத்தில் 'விதவை', 'விவாகரத்தானவர்' என்று இரண்டே கட்டம். அக்கா இரண்டும் இல்லையே! மேஜையில் இருந்த பெண் கொஞ்சம் யோசித்து 'விதவை'யில் டிக் அடித்தாள். அக்கா பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, தாலிக் கயிற்றை ஜாக்கெட்டுக்குள் தள்ளிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

கல்லூரியில் அமெரிக்க வரலாறு படித்தபோது, இங்கிலாந்திலிருந்து அங்கே போய்க் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைக் கறார் பேர்வழிகள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அவர்களுக்குக் கல்யாணம் தேவாலயச் சடங்கு இல்லை, சிவில் ஒப்பந்தம். அவர்கள் குடியேறிய கனெக்டிகட்டில் 1667-லேயே, புருஷன் மூன்று வருஷம் வேண்டுமென்றே விட்டுப் போயிருந்தால் விவாகரத்து கேட்கலாம், ஏழு வருஷம் ஆள் தகவலே இல்லையென்றாலும் கேட்கலாம், அப்புறம் மறுபடி கட்டிக்கொள்ளலாம். நம் இந்து திருமணச் சட்டத்தில், இப்படி விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தாலே விவாகரத்து கேட்கப் போதும். மையத்தில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை, 1,500 ரூபாயை மட்டும் முதலில் வாங்கிக்கொண்டார்கள்.

வந்த மூன்று வரனும் ஐம்பதைத் தாண்டியவர்கள். சரி, டீ நன்றாக இருந்தது. முதலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெண்களுக்கு அங்கே வக்கீல் இலவசம். தீர்ப்பு கைக்கு வந்த பிறகு வரன் பார்க்கலாம். ஐந்துக்கு இரண்டு, அந்த இரண்டும் டீக்கு.