மேல் குன்னூரில் பழைய பறவை, விலங்குப் படங்கள் விற்கும் கடை: மூன்றாண்டு அனுபவம்

கோத்தகிரியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கூடத்துச் சுவரில் ஒரு காலத்தில் மான் தலை மாட்டியிருந்தது என்று, வீட்டை எங்களுக்கு விற்றவர் சொன்னார். நாங்கள் வந்தபோது ஓர் ஆணியும், சுண்ணாம்பில் அதைச் சுற்றி ஒரு வெளுப்பும்தான் எஞ்சியிருந்தன. மலையின் பழைய பங்களாக்கள் பலவற்றில் கொம்பும் தோலும் அலங்காரமாக இருந்த காலம் போய்விட்டது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று அவற்றை விலைக்கு வாங்குவதற்கும் விற்பதற்கும் இடமில்லை, அதில் எனக்கு முழு உடன்பாடும் உண்டு. அந்த வெளுப்பின் மேல் எதை மாட்டலாம் என்று தேடியபோதுதான், பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களுக்காக அச்சிடப்பட்ட பறவை, விலங்குப் படங்களின்மீது எனக்கு நாட்டம் பிறந்தது.

நான் எழுதப்போகும் கடை மேல் குன்னூரில், ஓட்டு வீடு ஒன்றின் முன்னறையில் இருக்கிறது. வாசலில் பெயர்ப்பலகை இல்லை. எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் தனியாக நடத்துகிறார். மூன்று ஆண்டுகளில் அவரிடம் ஒன்பது படங்கள் வாங்கியிருக்கிறேன். அவற்றில் எட்டு இன்றும் எனக்கு மகிழ்ச்சி தருகின்றன.

முதல் நாள் அவர் எனக்கு எதையும் விற்கவில்லை. மேசையின்மேல் மூன்று தாள்களை வரிசையாக வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் கொடுத்து, "நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் அம்மா" என்றார். முதல் தாள் தகட்டில் செதுக்கி அச்சிட்டது: மையை வாங்கிய கோடுகள் கூர்மையாக இருந்தன, அச்சு எந்திரம் அழுத்தியதால் படத்தைச் சுற்றிலும் தாள் பள்ளமாக இறங்கிய தடம் விரலுக்குத் தட்டுப்பட்டது. இரண்டாவது கல்லச்சு, அதாவது கல்லின்மேல் வரைந்து அச்சிட்டது: பள்ளம் கிடையாது, கோடுகள் பென்சிலால் வரைந்தவை போலச் சற்றே பொரபொரப்பாக இருந்தன, மேலே கையால் தீட்டிய வண்ணம் ஓரிரு இடங்களில் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது. மூன்றாவது வெறுங்கண்ணுக்கு எல்லாவற்றையும்விட அழகாகத் தெரிந்தது. ஆனால் கண்ணாடியின் கீழே அந்த வண்ணம் முழுவதும் சின்னஞ்சிறு புள்ளிக் கூட்டங்களாகச் சிதறியது. அது இக்கால இயந்திர நகல். அதையும் அவர் விற்கிறார், நகல் என்று பின்புறத்தில் பென்சிலால் எழுதி, ஐந்நூறு ரூபாய்க்குள். பழைய தாளைப் போலத் தேநீரில் தோய்த்துப் பழுப்பேற்றிய நகல்களை வேறோர் ஊரில் அசல் விலைக்கு என்னிடம் காட்டியவர்கள் உண்டு என்பதால், இந்த ஒரு வழக்கத்திற்காகவே இக்கடையைப் பிறருக்குப் பரிந்துரைப்பேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இயற்கையியலாளர் வில்லியம் ஜார்டின் 1833 முதல் 1843 வரை 40 தொகுதிகளாக வெளியிட்ட விலங்கு, பறவை நூல் வரிசையின் படங்களைக் கேட்டுப் பார்க்கலாம். லிசார்ஸ் என்ற செதுக்குநரின் தகடுகளிலிருந்து அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டியவை; உள்ளங்கையைவிடச் சிறிது பெரியவை; அக்காலத்தில் சாதாரண மக்களும் வாங்கும் விலையில் வந்ததால் இன்றும் ஓரளவு எளிதாகக் கிடைக்கின்றன. எனக்கு ஒரு மீன்கொத்தியும் ஒரு யானையும் தலா 2,400 ரூபாய்க்குக் கிடைத்தன. யானையின் பின்னணியில் வரைந்த செடிகொடிகளுக்கு வண்ணம் இல்லை, விலங்குக்கு மட்டுமே உண்டு. அது குறையோ என்று நான் ஐயப்பட்டபோது, அந்த வரிசையின் பல படங்கள் அப்படித்தான் வெளிவந்தன என்று பெரியவர் வேறு இரண்டு தாள்களை எடுத்துக் காட்டினார்.

என் கூடத்தில் இப்போது அந்த ஆணியில் தொங்குவது சாம்பல் காட்டுக்கோழி. ஆலன் ஆக்டேவியன் ஹியூமும் மார்ஷலும் 1879 முதல் 1881 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட வேட்டைப் பறவைகள் நூலிலிருந்து பிரிந்த தாள் அது. காங்கிரஸ் தோன்றக் காரணமாயிருந்த அதே ஹியூம்தான். இது கையால் தீட்டியதன்று. ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனிக் கல்லால் அச்சிட்ட வண்ணக் கல்லச்சு. அந்நூலின் படங்களின் தரம் ஹியூமுக்கே நிறைவளிக்கவில்லை என்பதைப் பெரியவர் விலை சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டார். ஆயினும் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் விடியற்காலையில் கூவும் அதே சேவலைச் சுவரில் காண்பதற்கு 6,500 ரூபாய் எனக்கு மிகையாகத் தோன்றவில்லை.

பெரிய பணம் செலவிட இயன்றவர்களுக்காக ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கூல்டின் இமயமலைப் பறவைகள் நூலின் இரண்டு பெருந்தாள்களைப் பெரியவர் வைத்திருக்கிறார். 1830களின் தொடக்கத்தில் 80 படங்களில் 100 பறவைகளுடன் வந்த நூல் அது. கூல்டின் பெயரைச் சொல்லித்தான் இப்படங்கள் எங்கும் விற்கப்படுகின்றன, ஆனால் கீழே சிறிய எழுத்தில் உள்ள "இ. கூல்ட்" என்பது அவர் மனைவி எலிசபெத். கல்லின்மேல் வரைந்தவர் அவர்தான். கடையின் விலைச்சீட்டில் எலிசபெத்தின் பெயர் முதலில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டபோது எனக்குப் பெரும் நிறைவு உண்டாயிற்று.

நம் மலைக்கு நேரே உரிய படங்கள் மிக அரிது. சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன் நீலகிரியில் திரிந்து பறவைகளைப் பதிவு செய்தவர். இந்திய ஓவியர்கள் வரைந்த 50 படங்களுடன் அவர் வெளியிட்ட தொகுப்பு 1843 முதல் 1847 வரை பகுதி பகுதியாகச் சென்னையில் வந்தது. அதன் தாள் ஒன்றையேனும் வாங்க வேண்டுமென்று மூன்றாண்டுகளாகக் கேட்டு வருகிறேன், இன்னும் அகப்படவில்லை. அதேபோல் எங்கள் கோத்தகிரியில் வாழ்ந்து, இம்மலையின் பறவைகளையும் மலர்களையும் ஓவியமாகத் தீட்டிய மார்கரெட் காக்பர்னைப் பற்றியும் கேட்டேன். அவருடைய ஓவியங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்றும், அசல் இருப்பதாகச் சொல்லி யாரேனும் அணுகினால் பணம் கொடுத்துவிட வேண்டாம் என்றும் பெரியவர் எச்சரித்தார்.

இந்தப் பொழுதுபோக்கில் என் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. இப்படங்களில் பெரும்பாலானவை தனித்தாள்களாகப் பிறந்தவை அல்ல. முழு நூல்களைப் பிரித்து, படங்களை மட்டும் உருவி எடுத்து விற்கும் வணிகத்தால் சந்தைக்கு வந்தவை. முழு நூலைவிடப் பிரித்த தாள்களுக்கு மொத்தத்தில் கூடுதல் விலை கிடைப்பதே இதற்குக் காரணம். இக்கடையில் ஒருமுறை கட்டு குலையாத தொகுதி ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரே ஒரு படத்தை மட்டும் கேட்ட வாடிக்கையாளரிடம் பெரியவர் கண்டிப்பாக மறுத்ததை நான் நேரில் பார்த்தேன். அட்டையிழந்து, பக்கங்கள் காணாமற்போய், முன்பே சிதைந்த நூல்களின் தாள்களை மட்டுமே தனியாக விற்பதாகச் சொல்கிறார். எது எந்த நிலையில் வந்தது என்று கேட்டால் மறைக்காமல் கூறுகிறார். வாங்குபவர்கள் ஒவ்வொரு முறையும் இதைக் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இனி அந்த ஒன்பதாவது படம். அது ஒரு கொண்டலாத்தி. கடையிலேயே சட்டம் போட்டுத் தரச் சொன்னேன். சட்டம் போடும் வேலையை அவர் வெளியே ஒருவரிடம் கொடுத்து வாங்குகிறார். தேக்குச் சட்டம் பார்வைக்கு நேர்த்தியாக இருந்ததால் நான் பிரித்துப் பார்க்கவில்லை. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கனமாகப் பெய்யும். அந்த ஐப்பசி, கார்த்திகையில் தாள் அலையலையாக நெளிந்து, பறவையின் கழுத்தருகே செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றின. பிரித்தபோது, பின்னால் அமிலம் மிகுந்த மலிவான அட்டை, நான்கு மூலையிலும் ஒட்டுநாடா, கண்ணாடியோடு நேரடியாக ஒட்டிக்கிடந்த தாள், பற்றாக்குறைக்கு ஓர் இராமபாணப் பூச்சி. நாடாவின் கறை இனிப் போகாது. பெரியவர் வருந்திச் சட்டத்திற்கான 1,900 ரூபாயைத் திருப்பித் தந்தார். ஆயினும் நூற்றைம்பது ஆண்டுகள் தாங்கிய தாள் என் வீட்டில் ஒரே மழைக்காலத்தில் கெட்டுப்போனது இன்றும் எனக்கு வலிக்கிறது.

ஆகவே இக்கடையில் படத்தை மட்டும் வாங்குங்கள், சட்டம் வேண்டாம். அமிலமற்ற அட்டை, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி தரும் மவுண்ட், ஒட்டுநாடாவுக்குப் பதில் மாவுப் பசையால் மேல்விளிம்பில் மட்டும் தொங்கவிடும் மெல்லிய தாள் பட்டை ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்துச் செய்விக்க வேண்டும். நான் இப்போது கோயம்புத்தூரில் செய்விக்கிறேன். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்டி, சட்டத்தின் கீழ்மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டிவிட்டால் பின்னால் காற்று புகும். நேர் வெயில் பட்டால் கைவண்ணம் வெளுத்துவிடும் என்பதால் சன்னலுக்கு எதிர்ச்சுவரும் ஆகாது.

கடை காலை பதினொரு மணிக்குத் திறக்கிறது. மதியத்திற்கு மேல் மூடுபனி இறங்கினால் அறையில் வெளிச்சம் போதாது, ஆதலால் முற்பகலில் செல்வது நல்லது. அட்டை வழிப் பணம் வாங்குவதில்லை. சிறிய ஜார்டின் படங்கள் சுவரில் இருக்காது. மேசையின் அடி இழுப்பறையில் இருக்கின்றன, கேட்டால்தான் திறப்பார்.