சென்னை வெயிலில் கஸ்டம் லூப்: ஆர்டிஎக்ஸ் 3080க்குத் தண்ணீர் விட்ட அனுபவம்

கஸ்டம் லூப் என்பது கம்ப்யூட்டரின் சூடான பாகங்கள் மேல் பிளாக் என்ற உலோகத் தகட்டை வைத்து, அதன் வழியே பம்பால் தண்ணீரை ஓட்டி, ரேடியேட்டரில் ஆற வைக்கும், நாமே பாகம் பாகமாக வாங்கிக் கட்டும் அமைப்பு. அதைப் போட்டால் பிராசசர் சூடு எவ்வளவு குறையும்? எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். கேம் ஆடுபவருக்குப் பெரிதாக ஒன்றும் குறையாது என்றால் நம்ப மறுக்கிறார்கள். என்னிடம் இருப்பது ரைசன் 7 5800எக்ஸ்3டி. அதன் எட்டு கோர்களும் சுமார் 81 சதுர மில்லிமீட்டர் சிலிக்கானுக்குள் அடைந்து கிடக்கின்றன. அதற்கு மேல் இன்னொரு அடுக்கு சிலிக்கான் வேறு. அவ்வளவு சின்ன இடத்திலிருந்து சூடு வெளியே வரும் வழியே குறுகல். மேலே காற்று வீசினாலும் தண்ணீர் ஓடினாலும் நெருக்கடி உள்ளேதான். பிராசசர் மேல் மாட்டும் நல்ல ஏர் கூலரில் 70 டிகிரியை ஒட்டி நின்றது, இப்போது ஆறேழு டிகிரி குறைவு. இதற்காக மட்டும் இத்தனை காசை இறைத்திருந்தால் வீட்டில் விழும் திட்டு நியாயமானதுதான்.

லாபம் முழுக்க கிராபிக்ஸ் கார்டில். ஆர்டிஎக்ஸ் 3080 முழு வேகத்தில் 320 வாட் தின்னும். அதன் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி தனியாகக் கொதிக்கும். 110 டிகிரி வந்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கார்டோடு வந்த மூன்று ஃபேன்களை நம்பியிருந்த காலத்தில், மே மாத மதியம் கேம் ஆடினால் சிப் 80ஐத் தொடும், மெமரி 100ஐ எட்டிப் பார்க்கும், ஹெட்ஃபோன் இல்லாமல் உட்கார முடியாது. ஃபுல் கவர் பிளாக் என்பது சிப், மெமரி, மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பகுதி ஆகிய மூன்றின் சூட்டையும் ஒரே செம்புத் தகட்டில் வாங்கிக்கொள்ளும். இப்போது அதே கேம், ஏசி போட்ட அறையில் சிப் 50ஐச் சுற்றி, மெமரி எழுபது சொச்சம், ஃபேன்கள் 800 ஆர்பிஎம். நான் காசு கொடுத்து வாங்கியது இந்த அமைதியைத்தான். கேமில் நொடிக்கு வரும் ஃபிரேம் கூடுமா என்றால் ஒன்றிரண்டு கூடும். அதை நம்பி இறங்காதீர்கள்.

திட்டம் போட உட்காரும்போது முதலில் எழுத வேண்டிய எண் உங்கள் அறையின் வெப்பநிலை. வெளிநாட்டு வீடியோக்களில் வரும் எண்கள் பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் எடுத்தவை. நம்மூரில் மே மாதம் ஏசி இல்லாத அறை மதியம் 35ஐத் தாண்டிவிடும். ஒழுங்காகக் கட்டிய லூப்பில் தண்ணீர் அறையைவிடப் பத்து டிகிரி அளவு கூடுதலாக ஓடும். அங்கே 32, இங்கே 45. தண்ணீரை ஓட்டும் டி5 வகை பம்புக்கு 60 டிகிரிதான் வரம்பு. கெட்டி பிளாஸ்டிக்கான பிஇடிஜி டியூப்பும் அந்தப் பக்கம் போனால் இளக ஆரம்பிக்கும். அவர்களுக்குக் கையில் 28 டிகிரி இருக்கிறது, நமக்கு 15. ஒரு ஃபேன் நின்றுபோனாலோ ரேடியேட்டரில் தூசி அடைத்தாலோ அந்த 15 கரைய அதிக நேரம் ஆகாது.

இதை ஒட்டி வரும் இரண்டு சந்தேகங்களையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். இந்த ஈரப்பதத்தில் டியூப் வியர்க்காதா என்று கேட்பார்கள். வியர்க்காது. ரேடியேட்டர் அறைக் காற்றைவிடக் கீழே தண்ணீரைக் குளிர வைக்கவே முடியாது. ஃபிரிட்ஜ் போல எதுவும் அதற்குள் இல்லை. அடுத்தது, தண்ணீர் விட்டால் அறை சூடாகாது என்ற நம்பிக்கை. 400 வாட் உள்ளே போனால் 400 வாட் அறைக்குள் வந்துதான் ஆக வேண்டும். ஒரு டன் ஏசி இழுப்பது சுமார் 3,500 வாட் சூடு. மானிட்டரையும் சேர்த்தால் அதில் ஏழில் ஒரு பங்கை இந்தப் பெட்டியே தின்றுவிடும். லூப் போட்டதால் கரண்ட் பில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

ரேடியேட்டர் கணக்கு எளிது. கேமில் கார்டு 320, பிராசசர் 80, மொத்தம் 400 வாட். ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் அளவுக்கு 100 வாட் என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படியானால் நான்கு ஃபேன் அளவு போதும். நான் ஆறு வைத்தேன், அதாவது மூன்று ஃபேன் நீளமுள்ள 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் இரண்டு. கூடுதல் இரண்டில் ஒன்று வெயிலுக்கு, ஒன்று சத்தத்துக்கு. கேபினெட் லியான் லி ஓ11 டைனமிக். மேலே, பக்கத்தில், கீழே என்று மூன்று இடத்தில் 360 உட்காரும் என்பதால்தான் அதை எடுத்தேன். ஆனால் ‘360 பொருந்தும்’ என்று எழுதியிருப்பது நீளத்துக்கு மட்டும். 30 மில்லிமீட்டர் ரேடியேட்டர், 25 மில்லிமீட்டர் ஃபேன், ஆக மொத்தம் 55 கனம். அதற்குக் கீழே மதர்போர்டு ஹீட்சிங்க், ராம், மூலையில் ஏறி வரும் 8 பின் கேபிள் எல்லாம் இருக்கும். டேப் வைத்து அளந்து, அட்டையை அந்த அளவுக்கு வெட்டி உள்ளே வைத்துப் பார்த்த பிறகே ஆர்டர் போட்டேன். இன்னொன்று: தகடுகள் ரொம்ப நெருக்கமாக உள்ள ரேடியேட்டர் நம் தூசிக்கு வேண்டாம். சீக்கிரம் அடைக்கும், ஃபேனையும் வேகமாக ஓட்டச் சொல்லும்.

தண்ணீர் முதலில் பிராசசருக்குப் போக வேண்டுமா, கார்டுக்குப் போக வேண்டுமா என்று மணிக்கணக்கில் சண்டை போடுபவர்கள் உண்டு. நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் 400 வாட்டைச் சுமந்தும் தண்ணீர் ஏறுவது 2 டிகிரிதான். டியூப் எந்தப் பக்கம் குட்டையாக வருகிறதோ அதுவே சரியான வரிசை. தண்ணீர் நிற்கும் சின்னத் தொட்டியான ரிசர்வாயர் மட்டும் பம்புக்கு முன்னால், அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் டி5 காய்ந்து ஓடக் கூடாது.

உலோகத்தைக் கலக்காதீர்கள். செம்பு, பித்தளை, நிக்கல் பூசியது எல்லாம் ஒரு குடும்பம். விலை குறைவு என்று அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை நடுவில் செருகினால் அரிப்பு ஆரம்பித்துவிடும்.

இனி தண்ணீர். சென்னையில் ஆர்ஓ வைத்திருக்கும் வீடுகள் பலவற்றில், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனா ஒன்று இருக்கும். எங்கள் போர்வெல் தண்ணீரில் முக்கினால் 900ஐத் தாண்டுகிறது. ஆர்ஓவில் அறுபது சொச்சம். டிஸ்டில்டு வாட்டரில் 1, சில நேரம் 0. குடிக்க ஆர்ஓ போதும், லூப்புக்குப் போதாது. பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் பெரும்பாலும் டீமினரலைஸ்டு வகை. புது ரேடியேட்டருக்குள் பற்றவைத்தபோது ஒட்டிய பிசுக்கு இருக்கும். அதை அலச இந்தக் கேன் தாராளம். லூப்பில் தங்கப்போகும் தண்ணீருக்கு டிஸ்டில்டு வாங்கி, அரிப்பும் பாசியும் தடுக்கும் மருந்தைச் சொன்ன அளவில் கலக்க வேண்டும், இல்லையென்றால் நிறமில்லாத ரெடிமேட் கூலன்ட். வெறும் டிஸ்டில்டை மட்டும் விட்டால் நம் சூட்டுக்குப் பாசி பிடிக்கும்.

நிறமில்லாதது என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நண்பர் ஒருவர் பால் போன்ற வெள்ளை கூலன்ட் விட்டிருந்தார். முதல் சில மாதங்கள் பார்க்கப் பார்க்க அழகு. அப்புறம் கார்டின் சூடு மெல்ல ஏறியது. “மச்சான், பேஸ்ட் காய்ஞ்சு போச்சு போல, வந்து பாரேன்” என்று கூப்பிட்டார். சிப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே பூசும் அந்தப் பேஸ்ட் நன்றாகவே இருந்தது. பிராசசர் பிளாக்கைத் திறந்தோம். உள்ளே செம்பில் முடிக்கற்றை போல நுணுக்கமான தகடுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளி. தண்ணீர் வந்து விழும் நடுப்பகுதியில் அந்த இடைவெளிகள் தயிர் உறைந்தது மாதிரி வெள்ளையாக மூடியிருந்தன. ஓரங்களில் மட்டும் செம்பு தெரிந்தது. பழைய டூத்பிரஷ்ஷை வைத்துத் தேய்க்க ஒரு சாயங்காலம் போனது. கார்டின் பிளாக்கும் அதே கதை. அந்த வெள்ளை நிறம் கரைந்த சாயம் இல்லை, மிதக்கும் துகள். சூட்டிலும், ஓட்டம் குறையும் இடத்திலும் அது படியத்தான் செய்யும். போட்டோவுக்கு விடலாம், வருஷக்கணக்கில் ஓட்ட விடக் கூடாது.

டியூப்பில் நான் கறுப்பு இபிடிஎம் ரப்பர் போட்டேன், வெளி 16, உள் 11 மில்லிமீட்டர். சைக்கிள் டியூப் மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்தார்கள். இருக்கட்டும். கண்ணாடி போன்ற வளையும் பிவிசி டியூப்களில் மென்மைக்காகச் சேர்க்கும் பொருள் காலப்போக்கில் தண்ணீரில் கசியும். டியூப் மங்கும், அந்தப் பிசின் போய் பிளாக்கில் ஒட்டும். கெட்டி டியூப் பார்க்க அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு ராம் ஸ்டிக் மாற்ற வேண்டுமென்றாலும் சில நேரம் ஒரு டியூப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். கழற்ற வேண்டுமென்றால் தண்ணீரை வடிக்க வேண்டும். ரப்பரில் பிளாக்கை அப்படியே ஒரு பக்கம் சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

வடிப்பது என்று வந்துவிட்டதால், இந்த முழுத் திட்டத்திலும் நான் அதிக நேரம் செலவழித்தது அதற்குத்தான். லூப்பை வரையும்போது பேப்பரில் முதலில் போட்ட பொருள் வடிகால் வால்வு. லூப்பின் ஆகத் தாழ்ந்த இடத்தில் டியூப்பைப் பிரித்து இணைக்கும் ஒரு டி ஃபிட்டிங், அதில் ஒரு பால் வால்வு, அதன் வாயில் மூடி. கேபினெட்டுக்கு வெளியே ஒரு முழ டியூப்பை மாட்டி, கீழே பக்கெட் வைக்க அங்கே இடம் இருக்கிறதா? மேசையின் கால் இடிக்கிறதா? அதைப் பாருங்கள். அதேபோல நிரப்பும் வாய் மேலே, ரேடியேட்டரைக் கழற்றாமலே கை எட்டும் இடத்தில். வடிக்கும்போது அந்த மேல்மூடியைத் திறந்தால்தான் காற்று உள்ளே போய்த் தண்ணீர் இறங்கும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் வருடாந்தர வேலை ஒரு ஞாயிறு காலையில் முடியும். இல்லையென்றால் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்போம், தண்ணீர் உள்ளே கிடந்து கெடும்.

செலவில் ஏமாற்றுவது ஃபிட்டிங். இரண்டு ரேடியேட்டர், இரண்டு பிளாக், பம்போடு சேர்ந்த ரிசர்வாயர் என ஐந்து பாகம். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒன்று வெளியே ஒன்று, பத்து. திருகும் மரை எல்லாவற்றுக்கும் ஜி 1/4, அதில் குழப்பமில்லை. ஆனால் திரும்பும் இடத்துக்கு 90 டிகிரி, வடிகாலுக்கு டி, நீட்ட ஒரு எக்ஸ்டென்ஷன் என்று சேரச் சேர, பிராசசர் விலையில் பாதியை ஃபிட்டிங்கே விழுங்கியது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் நினைத்தபோது போய் ஒன்று வாங்கிவிடலாம் என்று எண்ணாதீர்கள். ஆர்டரிலேயே ஒன்றிரண்டு கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள்.

கட்டியதும் தண்ணீர் விடாமல் காற்றை ஏற்றிப் பாருங்கள். மீட்டர் வைத்த கைப்பம்ப் தனியாகவே கிடைக்கிறது. அரை பார் அழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் முள் அசையவில்லை என்றால் கசிவில்லை. அப்புறம் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கேபிளில் ஜம்பர் போட்டு, மதர்போர்டுக்கும் கார்டுக்கும் கரண்ட் போகாமல் பம்பை மட்டும் ஓட்டி நிரப்ப வேண்டும். காற்றுக் குமிழி வெளியேறும்வரை கேபினெட்டை முன்னும் பின்னும் சாய்க்க வேண்டும். அந்தக் களகளச் சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்து, “என்னடா, மேல டேங்க் வழியுதா?” என்றார்.

ஓட்டத் தொடங்கிய பிறகு எனக்குப் பிடித்துப்போன ஒரு சின்ன விஷயம், தண்ணீருக்குள் வைக்கும் வெப்ப சென்சார். விலை சொற்பம். மதர்போர்டில் சென்சாருக்கென்று இரண்டு பின் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஃபேன் வேகத்தைப் பிராசசர் சூட்டோடு கட்டிப்போட்டால், ஒரு பிரவுசர் டேப் திறந்தாலும் ஃபேன் உறுமி அடங்கும். தண்ணீரோ மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். என் அமைப்பில் தண்ணீர் 38 வரை ஃபேன் 600, 45இல் 1,100. கேம் தொடங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் வேகம் ஏறும், அதுவும் காதில் படாமல். இன்னொரு உபயோகம்: தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசம் பத்திலிருந்து பதின்மூன்றுக்குப் போனால் ரேடியேட்டரில் தூசி என்று அர்த்தம். வித்தியாசம் மாறாமல் பிராசசரும் கார்டும் மட்டும் ஏறினால் பிளாக்கையோ ஓட்டத்தையோ சந்தேகப்படலாம்.

பராமரிப்பு இவ்வளவுதான்: தூசி வலையை அடிக்கடி தட்டுவது, கோடைக்கு முன்னால் ரேடியேட்டரை புளோயரால் ஊதுவது, ரிசர்வாயரில் மட்டம் சற்று இறங்கினால் கொஞ்சம் ஊற்றுவது, வருடத்துக்கு ஒருமுறை கூலன்ட் மாற்றுவது. ரப்பர் வழியே நூலளவு ஆவியாகும், அதைப் பார்த்துக் கசிவென்று பதற வேண்டாம்.

கேம் ஆட 200, 250 வாட் கார்டு வைத்திருப்பவர் இந்த வேலைக்கே வர வேண்டாம். நல்ல கேபினெட்டும் நல்ல ஃபேன்களும் போதும். 300ஐத் தாண்டிய கார்டு, சத்தம் பிடிக்காத காது, ஒரு ஞாயிறை ஒதுக்கும் மனசு, மூன்றும் இருந்தால் பாருங்கள். பிளாக் என்பது ஒரே ஒரு மாடல் கார்டின் போர்டுக்காக வெட்டியது என்பதை மட்டும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கார்டை மாற்றினால் பிளாக் கூடவே போகும். பம்ப், ரேடியேட்டர், ஃபிட்டிங் எல்லாம் தங்கும். கழற்றிய பழைய ஹீட்சிங்க்கையும் ஃபேனையும் திருகாணிகளோடு ஒரே டப்பாவில் வையுங்கள், விற்கும்போது கேட்பார்கள். அடுத்த கார்டுக்கு, பிளாக் கடையில் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கார்டுக்குக் காசு கட்டுவேன்.